பின்வரிசை மூட்டைகள்

பி.காம். கடைசி வருடத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் இரண்டு பெட்டிகள் வரைந்தார். ஒன்றுக்குள் சி.ஏ. என்றும் இன்னொன்றுக்குள் ஐ.சி.டபிள்யு.ஏ. என்றும் எழுதினார். இரண்டுமே கணக்குப் படிப்புதான், இரண்டிலுமே தேறுகிறவர்கள் குறைவுதான் என்று சொல்லிவிட்டு ஒரு வித்தியாசத்தை விளக்கினார். இரண்டாவதைத் தபாலில் பாடம் வரவழைத்து வீட்டிலிருந்தே படித்துவிடலாம். முதலாவதற்கு ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சி எடுக்க வேண்டும். முடிவில், 'இவர் என்னிடம் ஒழுங்காக வேலை பழகினார்' என்று அந்த ஆடிட்டர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "அந்தக் கையெழுத்து வராட்டி, எத்தனை பேப்பர் பாஸ் பண்ணாலும் நீங்க சி.ஏ. கிடையாது. யோசிச்சுக்கங்க" என்றார்.

அவர் யோசிக்கச் சொன்னதை நான் யோசிக்கவில்லை. எனக்கு இருபத்தொரு வயது. யாருக்கும் மசியாதவள் என்று சின்னமனூரில் எங்கள் தெருவே எனக்குப் பெயர் வைத்திருந்தது. ஐ.சி.டபிள்யு.ஏ. என்று சொன்னால் எங்கள் பக்கம் ஒருவருக்கும் புரியாது. அது ஏதோ டைப்ரைட்டிங் பரீட்சை என்று நினைப்பார்கள். ஆடிட்டர் என்றால் தேங்காய் மண்டிக்காரர்கூட நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அந்த எழுந்து நிற்பது எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், படிப்பை நான் தேர்ந்தெடுத்த லட்சணம் அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி ஊர்களிலிருந்து அவரிடம்தான் தூக்கி வருவார்கள். பேங்க் பரீட்சை எழுது என்பது அவருடைய ஆசை. நான் பிடிவாதம் பிடித்ததும் விட்டுக்கொடுத்தார். "மூணு வருசம் ஒருத்தர்கிட்ட கையக் கட்டி நிக்கணும்ங்கிற. ஒன் வாய்க்கு அது ஆகுமா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகும் என்றேன். 1997 ஜூலையில் தேனி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

என் ஆடிட்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் பச்சை மசிப் பேனா. எல்லோரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வது பிடிக்கவில்லையென்றால் பேனாவுக்கு மூடி போடுவார். மூடி 'டிக்' என்று விழும். அதோடு பேச்சு முடிந்தது. முதல் மாதத்திலேயே அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பழகிவிட்டோம். வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்துப் பேசிய நான், ஒரு பேனா மூடிக்கு வாயை மூடக் கற்றுக்கொண்டேன்.

இரண்டரை வருடம் ஓடியது. பேரேடுகளைக் கூட்டிப் பார்ப்பது, பில்லுக்கும் பதிவுக்கும் டிக் அடிப்பது, வருமான வரி அலுவலகத்துக்கு ஃபைல் கட்டுக் கொண்டுபோவது. இடையில் இண்டர் பரீட்சையில் ஒரு குரூப்பும் தேறினேன். 2000 ஜூலையில் மூன்று வருடம் முடியும், படிவம் கைக்கு வரும் என்று அலுவலகக் காலண்டரைத் தினமும் பார்ப்பேன். அந்தப் படிவம்தான் எனக்கு எல்லாம். நடுவில் ஆடிட்டரைப் பகைத்துக்கொண்டு பாதியில் போன பையன்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவன் ஆண்டிபட்டியில் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் மார்ச் முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை.

வருடக் கடைசி நாளில் வியாபாரிகளின் சரக்கை நேரில் போய் எண்ணிவிட்டு வர வேண்டும். என்னைப் போடிக்கு அனுப்பினார் ஆடிட்டர். ஒரு ஏலக்காய் வியாபாரியின் குடோன். மலைத் தோட்டங்களிலிருந்து வாங்கிய காயை மூட்டை கட்டி அடுக்கி, அந்தச் சரக்கைக் காட்டி வங்கியில் கடன் வாங்கியிருந்தார் முதலாளி. நான் எழுதும் தாளின் நகல் வங்கிக்கும் போகும். போன வருடத் தாளைப் பார்த்து அலுவலகத்தில் டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். எண்ணிக்கையை எழுதும் கட்டங்கள் காலியாக இருந்தன. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, 'எல்லா வரிசையிலும் மூட்டைகளைப் பிரித்துச் சரிபார்த்தேன்' என்று. அதற்கும் கீழே என் கையெழுத்துக்கு இடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது குடோனில் பூசை முடிந்திருந்தது. சாம்பிராணிப் புகை கலையவில்லை. முதலாளி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் விரித்திருந்தார்.

"வாங்கம்மா. பொங்கல் எடுத்துக்கங்க" என்றார். "வெள்ளிக்கெழம பாருங்க. பூச வெளக்கு ஏத்துன பெறகு மூட்ட வாயப் பிரிக்கிற வழக்கம் போடியில எந்தக் குடோன்லயும் இல்ல. லட்சுமி வெளியேறிப் போயிருவாக. அதான் பூசைக்கு முன்னாடியே நாலு மூட்டையப் பிரிச்சு வச்சிட்டேன். பாத்துக்கங்க."

எனக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை உப்பு, தயிர் எதுவும் வாசற்படி தாண்டிப் போகாது. பக்கத்து வீட்டில் உயிர் போகிற அவசரம் என்றாலும் அம்மா கொடுக்க மாட்டாள். சொல்லப்போனால் முதலாளி விளக்கம் சொன்னதே எனக்கு அதிகப்படியாகப் பட்டது. வெளியூர்க்காரி மாதிரி நடத்துகிறாரே, இந்த வழக்கம்கூட எனக்குத் தெரியாதா என்று உள்ளுக்குள் ஒரு கோபம்.

பிரித்து வைத்திருந்த நாலு மூட்டையும் அருமையான காய். கை நிறைய அள்ளிப் பார்த்தேன். பச்சை மாறாமல் பருத்திருந்தது. பிறகு எண்ணுவதற்கு உள்ளே போனேன். சாவிக்கொத்தோடு குடோன்காரர் கூட வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், காதில் பென்சில். பதினைந்து வருடமாக அந்தக் குடோன் அவர் பொறுப்பில் இருந்தது.

"பாத்து வாங்க ஆடிட்டரம்மா, கீழ பலகை ஒசந்திருக்கு" என்றார்.

ஆடிட்டரம்மா. அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது போல இருந்தது.

வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போனோம். நாலாவது வரிசை தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். வாசலில் தலையைக் கிறுகிறுக்க வைத்த ஏலக்காய் வாசம் அங்கே இல்லை. பழைய சாக்கின் நெடியும் தவிட்டு மணமும்தான் இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். இல்லை. பிடரியில் வியர்வை ஊறி முதுகில் இறங்கியது. வெளியே வெயில் கொளுத்துகிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

குடோன்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"பின்வரிசையில ரெண்ட மட்டும் பிரிச்சுப் பாத்துருங்களேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஒங்க முதலாளி சொன்னது காதுல விழலையாண்ணே?"

"விழுந்துச்சு." குரலைத் தாழ்த்தினார். "சாமி ஒண்ணும் சொல்லாதும்மா. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

வாசலில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. நான் ஊசியை வாங்கவில்லை. என் வேலையை எனக்கே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாரே என்று சுள்ளென்று வந்தது. "எனக்கு என் வேலை தெரியும்ணே" என்றேன். அவர் ஊசியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். எண்ணி முடித்துக் கட்டங்களை நிரப்பினேன். அந்தக் கடைசி வரியைப் படித்தேன். போன வருடமும் இதே வரிதானே என்று கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் அலுவலகத்துக்கு வரும்போது குடோன்காரர் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். போடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு திங்கக்கெழம. முதலாளி குமுளிக்குப் போயிருக்காக. இப்ப வந்தீகன்னா பிரிச்சுப் பாத்துறலாம்" என்றார்.

"தாளைக் குடுத்தாச்சுண்ணே."

"குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப சரி."

அடுத்த போடி பஸ்ஸில் ஏறிப் போனார். மூட்டைக்குள் காய் இல்லை என்று ஏன் நேராகச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல வருடம் கேட்டேன். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, 'அது உனக்கு எப்படித் தெரியும்' என்பதுதான். சாவி அவர் கையில் இருந்தது. அவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் தாமாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அந்த இன்னொருவர் நான்.

அன்று மதியம் மனசு கேட்காமல் ஆடிட்டர் அறைக்குப் போய் நின்றேன். பின்வரிசைகளில் வாசமே இல்லை சார் என்றேன். பேனாவுக்கு மூடி போட்டார்.

"வாசம் இல்லன்னு எழுதுறதுக்கு அந்தத் தாள்ல எடம் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"ஜூலையில ஒனக்கு ஃபாரம் போடணும்ல?"

"ஆமா சார்."

"வெயில் நேரம், மூக்கு அடைச்சிருக்கும். கீழ போயி ஒரு மோர் வாங்கிக் குடி."

போனேன். குடித்தேன். அவர் மிரட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட மிரட்டல் என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம், போடியிலிருந்தா என்று நான்தான் முதலில் ஓடிப்போய் எடுத்தேன். ஏப்ரல் போனது, மே போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம் கூடியது.

ஜூன் பாதியில் பள்ளத்தாக்கில் காற்று எடுத்தது. அந்தக் காற்றில் ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் செய்தி வந்தது. வங்கி அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் போடிக்குப் போய் மூட்டைகளைப் பிரித்திருக்கிறார்கள். நாலாவது வரிசைக்குப் பின்னால் இருந்ததெல்லாம் உமியும் சருகும். எடை காட்ட அடியில் மணல்.

முதலாளி பதறவில்லை. 'மார்ச் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எல்லா வரிசையிலும் பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு இருந்த காய் இன்றைக்கு இல்லையென்றால், இடையில் யார் எடுத்தது? சாவி யார் கையில் இருந்தது?' என்று புகார் எழுதிக் கொடுத்தார். மறுநாள் குடோன்காரரைக் கைது செய்தார்கள்.

அதைக் கேட்டபோது என் கையெழுத்து என்ன செய்திருக்கிறது என்பது எனக்கு முழுதாக விளங்கியது. நான் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் அவர் திருடர் இல்லை. போட்டதால் அவர் மட்டுமே திருடர்.

இரண்டு நாள் கழித்து விசாரணை அதிகாரி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஆடிட்டர் அறையில் வைத்துத்தான் கேட்டார். மேசையில் அந்தத் தாள். அதற்குப் பக்கத்தில், எதேச்சையாகக் கிடப்பது போல, என் பெயர் எழுதிய படிவம். நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. ஆடிட்டர் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"இது ஒங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமா சார்."

"எல்லா வரிசையிலயும் நீங்களே பிரிச்சுப் பாத்தீகளா?"

இந்த இடத்தில் நான் என்னவெல்லாமோ நினைத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. பச்சைப் பேனாவின் முனையைப் பார்த்தேன். "ஆமா" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். ஜூலையில், மூன்று வருடம் முடிந்த அன்றே படிவம் என் கைக்கு வந்தது.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். போடி சமாச்சாரம் அவர் கடை வரைக்கும் வந்திருந்தது. எந்த மோட்டாரையும் திறந்து பார்க்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லாத மனிதர் அவர். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவார்.

"நீ பிரிச்சுப் பாத்தியா ஆத்தா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பாத்தேம்ப்பா."

"அப்ப அந்தாளுதான் எடுத்திருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு டீக்கடையில் யார் பேச்செடுத்தாலும், 'எம் மக பாக்காமக் கையெழுத்துப் போடாது' என்று அடித்துச் சொன்னாராம். அதிகாரியிடம் சொன்ன பொய்யை விட அப்பாவிடம் சொன்ன பொய்தான் என்னை அதிகம் அரித்தது. அப்பா சாகிற வரைக்கும் அதைத் திருத்தவில்லை.

அந்த வருடக் கடைசியில் யாருக்கும் சொல்லாமல் ஐ.சி.டபிள்யு.ஏ. பாடங்களுக்குப் பணம் கட்டினேன். எவர் தயவும் இல்லாமல், எவர் பேனாவையும் பார்க்காமல் படிக்கிற படிப்பு. மூன்று வருடம் முந்தி அதை எடுத்திருந்தால் அந்தக் குடோனுக்குள் என் கால் பட்டிருக்காது. பார்சல் வந்தது. பிரிக்கவில்லை, பீரோவுக்கு மேலே வைத்தேன். சி.ஏ.வையே தொடர்ந்தேன். விட்டுவிட்டால் எதற்காக அந்த மனிதரைக் காவு கொடுத்தேன் என்று ஆகிவிடும் அல்லவா? இப்படியும் ஒரு நியாயம் பேசத் தெரிந்தது எனக்கு. சாட்சி சொல்ல ஒரே ஒரு தடவை சம்மன் வந்தது. அந்த வாரம் மதுரையில் பரீட்சை. வர இயலவில்லை என்று கடிதம் எழுதினேன். பிறகு கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

2005இல் தேறினேன். பழனிசெட்டிபட்டியில் சொந்தமாக அலுவலகம் போட்டேன். தேங்காய் மண்டிக்காரர் நிஜமாகவே எழுந்து நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2009 மார்ச் கடைசியில் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குச் சரக்குப் பார்க்கப் போனேன். இந்த வேலைக்கு மட்டும் நான் யாரையும் அனுப்புவதில்லை. கேட்டில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காதில் பென்சில்.

"வாங்க ஆடிட்டரம்மா" என்றார்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேசு முடிஞ்சிருச்சும்மா. சாட்சி பத்தலன்னு விட்டுட்டாக. ஏழு வருசம் இழுத்துட்டாக" என்று, பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொன்னார். "போடியில வேல கெடைக்கல. அங்கன எம் பேரே வேறயாப் போச்சு. அதான் இங்கன."

"நான்…"

"நீங்க பிரிக்கலன்னு சொன்னேன். ஒங்க தாளக் காமிச்சாக. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிப்பேன். வந்து ஒரு வார்த்த சொல்லிருவீகன்னு."

"எனக்கு அப்ப பரீட்சை இருந்துச்சுண்ணே" என்றேன். ஒன்பது வருடம் மனசுக்குள் எத்தனையோ விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்.

அவர் தலையை ஆட்டினார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பாஸ் ஆயிட்டீகளா?"

"ஆயிட்டேன்."

"நல்லது."

கேட் நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதே கையெழுத்துத்தான்" என்றார்.

பிறகு கேட்டைத் திறந்துவிட்டு அறைக்குள் போய் ஒரு டார்ச் லைட்டை எடுத்து வந்து நீட்டினார்.

"பின்வரிசையில வெளிச்சம் பத்தாதும்மா. இதக் கொண்டு போங்க."

வாங்கிக்கொண்டேன்.